வருகைப் பதிவு

மழை. வியாழன், இரவு எட்டு மணி பத்து நிமிடம்.
தெற்குச் சிலியில் ஒரு சிறு துறைமுகம்,
மூன்றாவது தீயணைப்புப் படை.
யாருக்கும் சம்பளம் கிடையாது.
பூட்ஸ்கூட நாங்களே வாங்கியது.

செயலாளர் நான். பெயர்களை வாசிக்கிறேன்.
விதிப்படி முதல் பெயர் எப்போதும்
ஏலாதியோ பர்ரியா.
பதினோரு வருடம் முன்பு மீன் கிடங்குத் தீக்கு
இரண்டே பேராய்ப் போனவர்களில்
திரும்பி வராதவர்.
எல்லோரும் எழுந்து ஒரே குரலில்
"உள்ளேன்" என்கிறோம், அவருக்காக.
பிறகு அவரவர்க்கு.

எண்ணிப் பார்த்தால் ஆறு உயிர்.
கூட்டம் செல்ல ஏழு வேண்டும்.
ஒன்பதாம் விதி சொல்வது இவ்வளவுதான்:
பெயர் அழைக்கையில் உள்ளேன் என்ற பதில்
ஏழுக்குக் குறையலாகாது.
எழுதியவன் நான். எழுதும்போது
செத்தவரை நினைக்கவில்லை.

இன்றைய பொருள் ஒன்றே:
மிரேயா ஊவாக்கில், ஓட்டுநர்,
நாற்பத்தியொன்றாம் விதியை மீறியது.
நான்கு பேர் ஏறாமல் வண்டி நகரக் கூடாது.
ஏலாதியோவைப் புதைத்த வாரம்
கை நடுக்கத்தோடு நாங்கள் எழுதிய விதி.
மூன்று பேரோடு எடுத்துவிட்டாள்.
மேட்டுத் தெருவில் மர வீடு.
குடித்துவிட்டுத் தூங்கிய தச்சனை
ஜன்னல் வழியே இழுத்துப் போட்டார்கள்,
உயிரோடு, அவன் திட்டத் திட்ட.

நான்காவது ஆள் நான்தான்.
இடது கால் பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.
ஓடி வந்தபோது கொட்டகையில்
டீசல் புகை இருந்தது, வண்டி இல்லை.
மூன்று நிமிடத் தாமதம்.
ஒரு கூரை விழ எத்தனை நிமிடம் என்று
எந்த விதியிலும் நாங்கள் எழுதி வைக்கவில்லை.

முப்பது நாளுக்குள் விசாரிக்காவிட்டால்
குற்றச்சாட்டு தானே காலாவதி.
இன்று முப்பதாவது நாள்.
வராதவர்கள் காய்ச்சல், படகு, மாமியார் என்று
சொல்லியனுப்பியிருந்தார்கள்.
அவளைக் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த வழி.
கேப்டன் ஓயார்சுன் என்னைப் பார்த்தார்.
ஆறு என்று சொல்லித் தொலையேன் என்றது பார்வை.

மிரேயா எழுந்தாள். முழங்கையில் பேக்கரி மாவு.
"ஏழு என்று எழுது.
அந்த விதி அவரால் வந்தது.
அவர் இருக்கும்போதே என்னைக் கேளுங்கள்.
நான் போனது சரி. அடுத்த முறையும் போவேன்.
ஆனால் என்னைப் பார்த்து
நம்ம பொடியன் யெர்க்கோ நாளைக்கு
ஒற்றை ஆளாய்க் கிளம்பினால்,
அவன் வீட்டுக் கதவை எவர் போய்த் தட்டுவது?"

தகரக் கூரையில் மழை.
பேனாவை உதறினேன். ஏழு என்று எழுதினேன்.

வெள்ளை மொச்சை, கறுப்பு மொச்சை, ஒரு பிஸ்கட் டின்.
ஐந்து பேர் போட்டோம்.
கறுப்பு மூன்று.
என் விரலிடுக்கில் இருந்தது எது என்று
குறிப்பேட்டில் எழுத வேண்டியதில்லை.
அதற்கும் விதி உண்டு.

பதினைந்து நாள் விலக்கு.
தலைக்கவசத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனவள்
மறுநாள் விடியலில் வந்து
குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
தீக்குப் போகக் கூடாது என்றுதான் இருக்கிறதாம்,
தண்ணீரைத் தொடக் கூடாது என்று இல்லையாம்.
படித்துப் பார்த்தேன். இல்லைதான்.

மாகாண அலுவலகத்திலிருந்து
குறிப்பு திரும்பி வந்திருக்கிறது,
ஓரத்தில் சிவப்பு மை:
"வருகை ஏழு, கையெழுத்து ஆறு. விளக்கவும்."

மூன்று நாளாக விளக்குகிறேன்.
முதல் வரியில் அவர் பெயர்.
அதற்குமேல் பேனா போகவில்லை.
பூட்ஸ் இரண்டும் மேசைக்கடியில்,
கால் எட்டும் தூரத்தில்.