அடிமனை

சொத்து விவரம்:
ரீகா நகரம், புர்வ்சியெம்ஸ் வட்டாரம்,
ஒன்பது மாடிக் கட்டடத்தில் ஐந்தாம் மாடி.
இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு,
கதவு சரியாய்ச் சாத்தாத ஒரு பால்கனி.
இதற்கு எல்லையாவது:
மேலே, நள்ளிரவில் நாற்காலி இழுக்கிறவர்.
கீழே, குரைப்பு மட்டும் கேட்கிற நாய்.
கிழக்கே மாடிப்படி.
மேற்கே லிண்டன் மரத்தின் உச்சி.
இதற்குட்பட்டது என் வீடு.
அடியில் இருப்பது என்னுடையதல்ல.

வாங்க வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள்,
ரைடிஸ், மாதரா.
குழாயைத் திறந்து பார்த்தார்கள்,
சுவரைத் தட்டிக் காது வைத்தார்கள்.
"வில்லங்கம் ஏதும் உண்டா?" என்றாள் மாதரா.
நிலப்பேரேட்டின் நகலை நீட்டினேன்.
கடன் இல்லை. வழக்கு இல்லை.
பங்காளி இல்லை.
நிலமும் இல்லை.

அவள் தரையைப் பார்த்தாள்.
நாற்பதில் அரசு எடுத்துக்கொண்ட நிலம், என்றேன்.
அதன்மேல் கான்கிரீட் பலகைகளை அடுக்கி
எங்களிடம் ஆளுக்கொரு சாவி கொடுத்தார்கள்.
பிறகு அந்த அரசே இல்லாமல் போயிற்று.
நிலம் பழைய உடைமையாளரின் வாரிசுக்கு,
வீடு குடியிருந்தவர்களுக்கு.
இரண்டும் நியாயம்தான்.
ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது,
அதற்குத்தான் மூன்று மாதத்துக்கொருமுறை
நான் வாடகை கட்டுவது.

"எல்லோரும் சேர்ந்து நிலத்தை வாங்கிவிடலாமே?"
எழுபத்திரண்டு வீடு, மகளே.
கூட்டம் போட்டோம். ஒன்பது பேர் வந்தார்கள்,
அதில் ஒருவர் லிஃப்டைப் பற்றிப் பேச.

யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.
அதற்கு என்ன பொருளென்று எனக்குத் தெரியாதா.

இருபத்தெட்டு வருஷமாய் அந்த மனிதன் எனக்கு
ஒரு வங்கிக் கணக்கு எண்.
ரோமக் கழுத்துப்பட்டி, தங்கப்பல்,
வாசலில் கறுப்புக் கார் என்று
நானாக வரைந்து வைத்திருந்தேன்.
முகவரி தேடிப் போனால்
ஸொலிதூதெயில் இதே மாதிரிக் கட்டடம்.
ஏழாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
கம்பளிக் காலுறையோடு கதவைத் திறந்தார் இல்க்வார்ஸ்,
கண் மருத்துவமனையில் இரவு நேர்ஸ்,
தூக்கம் கலைந்த முகம்.

வாடகையைக் குறைக்க அவரால் ஆகாது.
பங்கு மூன்று பேருக்கு,
தங்கை பேசுவதில்லை.
முப்பத்தேழாம் ஆண்டு வரைபடத்தை
மேசையில் விரித்தார்.
"உங்கள் படுக்கையறை இது. மாட்டுக்கொட்டில்.
இதெல்லாம் முட்டைக்கோசு."
உழுத தாத்தாவைப் புதைத்தது சைபீரியாவில்,
எல்லைக்கல் இல்லாத எங்கோ ஓரிடத்தில்.
அதற்கு என்ன சொல்ல? தேநீரைக் கலக்கினேன்,
சர்க்கரை போடாத தேநீரை.

அப்போதுதான் கண்ணில் பட்டது
குளிர்பெட்டியில் காந்தம் பிடித்திருந்த காகிதம்.
அதே அச்சு, அதே கட்டங்கள்.
"இது?"
"என் அடிமனை. டொரொன்டோவில் ஒரு பல்வைத்தியருடையது."
இருவருக்கும் சிரிப்பு வந்தது,
அவருக்குக் கொஞ்சம் தாமதமாக.

லிண்டனைப் பற்றிக் கேட்டேன்.
எண்பத்தாறில், மகள் பிறந்த வாரம்,
மண்வெட்டி இல்லாமல்
சூப் கரண்டியால் தோண்டி நட்டது.
சட்டப்படி, மண்ணில் நிற்பது மண்ணுக்கு உரியவருடையது.
"மரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்," என்றார்,
"இலை கூட்ட என்னால் வர முடியாது."

விலையைக் குறைத்தேன். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.
நோட்டரி வாசித்தார்,
நான் எல்லாவற்றுக்கும் ஆம் என்றேன்.
மரம் எந்தப் பக்கத்திலும் இல்லை.
கையெழுத்திட்டு நிமிர்ந்தால்
மாதராவின் கை நடுங்குகிறது.
"பத்திரம்," என்றேன்.
காகிதத்தைச் சொன்னேனோ, அவளைச் சொன்னேனோ.

கடைசிக் கணக்கு:
பதினொரு நாள் நிலவாடகை,
நாலு யூரோ இருபது சென்ட்.
கட்டிவிட்டேன், ரசீது இருக்கிறது.

பொல்டெராயாவில் புது அறை, ஒற்றை ஜன்னல்.
வாசலில் காலணியைக் கழற்றினால்
அடியில் அப்பிய ஈரமண்.
இல்க்வார்ஸுடையது.
தட்டப் போனேன்.
தட்டவில்லை.