பூட்டிய இடுக்கி

வேலூர்ப் பாறைகள் பகலில் குடித்த வெயிலைத்
திருப்பிக் கக்கும் நேரத்தில்
விருதம்பட்டில் பஸ் ஏறுவேன்.
பாலாற்றுப் பாலம் தாண்டி
ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இறங்குவேன்.
மேலே அறுவை. கீழே நாங்கள்.
அறுத்து முடித்தவை எல்லாம்
அழுக்கு லிஃப்டில் எங்களிடம் வரும்.

முதலில் குளிர்ந்த தண்ணீர்.
சூடு காட்டினால் ரத்தம் பயந்துபோய்
இரும்பைக் கட்டிக்கொள்ளும்.
பொறுமையாக ஊறவேண்டும். பிறகுதான் பிரஷ்.
கத்தரிக்கோலின் அலகு சீக்கிரம் பளபளத்துவிடும்,
அதை நம்பக் கூடாது.
மூட்டில்தான் ஒளிந்திருக்கும்.

சுவரில் ஒட்டியிருக்கிறது:
இடுக்கிகளைத் திறந்தே அடுக்கவும்.
இடுக்கியின் பூட்டுக்கு மூன்று பல்.
மூன்றும் கவ்வியிருந்தால்
நூற்று முப்பத்து நாலு டிகிரி நீராவியும்
அதன் வாய்க்குள் போகாது.
வெளியே எல்லாம் வெந்துகொண்டிருக்க
உள்ளே ஒரு கிருமி சுகமாகத் தூங்கும்.

பன்னிரண்டு வருஷமாக அதை வாசிக்கிறேன்.
பன்னிரண்டு வருஷமாக
நாத்தனார் சலோமியோடு பேசுவதில்லை.
ஒன்றரைப் பவுன் சங்கிலி.
அதற்குமேல் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு விடிகாலை,
சுத்தமான பொட்டலம் ஒன்று கைதவறித் தரையில் விழுந்தது.
யாரும் பார்க்கவில்லை.
தட்டிவிட்டு அலமாரியில் வைத்தேன்.
யார் வயிற்றுக்குள் போனதோ.
அந்த ஞாயிறு நற்கருணை வாங்கினேன்,
கையை நன்றாகக் கழுவிக்கொண்டு.

கோட்டை மைதானத்துக் கூட்டத்தில்
முழங்காலில் மண் ஒட்ட அழுத ராத்திரியும் உண்டு.
எல்லாம் முடிந்தது, இனிமேல் நான் வேறு ஆள்
என்று நினைத்தேன்.
திங்கட்கிழமை தண்ணீர் லாரியில்
எனக்கு முன்னே குடம் நீட்டியவளை
நாய் என்றேன்.

பொட்டலத்தின் மேல் ஒட்டும் நாடாவில்
சூடு பட்டதும் கறுப்புக் கோடுகள் எழும்.
சூட்டைக் கடந்து வந்ததென்று மட்டும் அது சொல்லும்.
உள்ளே சுத்தமா என்று அதற்குத் தெரியாது.
ஒட்டும்போதெல்லாம்
என் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையை
நினைத்துக்கொள்வேன்.

போன வாரம், மூன்றேகால் மணி.
மறுபடியும் ஒரு பொட்டலம் விழுந்தது.
கேமரா அந்த மூலையைப் பார்ப்பதில்லை.
உடன் இருக்கும் பையன் தேநீருக்குப் போயிருந்தான்.
குனிந்தேன். எடுத்தேன்.
பிரித்து, ஒவ்வொன்றாகத் திறந்து,
குளிர்ந்த தண்ணீரிலிருந்து ஆரம்பித்தேன்.

மேலேயிருந்து போன் வந்தது:
எங்கே தூங்கினாய்?
பதில் ஒன்று நாக்கின் நுனிவரை வந்தது.
நல்ல பதில், கூரானது.
விழுந்துவிட்டது சிஸ்டர்,
திரும்பப் போட்டிருக்கிறேன் என்றேன்.
என் குரலா அது?
இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியில்
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தேன்.

என் சாமர்த்தியம் இல்லை, என்னை எனக்குத் தெரியும்.
கூட்டத்து அழுகையும் இதைச் செய்யவில்லை.
எத்தனையோ வருஷமாக யாரோ
எரிக்காமல், அவசரப்படாமல்
என்னை ஊறப்போட்டிருக்கிறார்.
நான் உறங்கும் நேரத்திலும்
ஒரு சின்ன பிரஷ்
என் மூட்டுகளில் நடமாடுகிறது.

காலை பஸ்ஸில் ஜன்னலோரம்.
பாலத்துக்குக் கீழே மணல், மணல்,
நடுவில் ஒரு துண்டு ஈரம்.
போனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.
ஆறு முறை அடித்தது.
யாரு? என்றாள் சலோமி.
என் நம்பரை அழித்துவிட்டிருக்கிறாள்.
எனக்குச் சுருக்கென்றது,
வைத்துவிடலாம் என்றே தோன்றியது.

நான் கிளாடிஸ், என்றேன்.

ஒரு பல் கழன்றது.
இன்னும் இரண்டு.