பிஸ்கட் வாங்கி வருகிறேன் என்று

ஏற்காடு போகும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
அம்மாவைப் புதைத்து நாற்பத்தோராம் நாள்
ஒவ்வொரு பலகையையும் சத்தமாக வாசித்தபடி
அப்பா மடியில் மேலே போனேன்.
ஆறு வயது. எண்கள் எல்லாம் எனக்குத் தெரியும்.

ஹாஸ்டல் வாசலில் சில்வர் ஓக் மரம், அதில் மிளகுக்கொடி.
என் தகரப் பெட்டியில் வெள்ளைப் பெயின்ட்டில் 47.
"பிஸ்கட் வாங்கிட்டு வர்றேன், இங்கேயே நில்லு."
நின்றேன்.
பனி இறங்கியது. மரம் போனது. கேட் போனது.
வார்டன் அக்கா வந்து கையைப் பிடித்தபோது
நானும் கொஞ்சம் போயிருந்தேன்.

பிறகு மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார்.
ஆரஞ்சு, ரிப்பன், ஒரு தடவை ஸ்வெட்டர்.
சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் போனார்.
ஆனாலும் அந்த முதல் நாள் கேட்டில்
ஒருத்தி நின்றுகொண்டே இருந்தாள்.

அவளையும் கூட்டிக்கொண்டுதான் பீடத்தின் முன் மோதிரம் மாற்றினேன்.
ரூஃபஸ் ஆபீஸிலிருந்து அரைமணி தாமதித்தால்
பதினோரு முறை போன் செய்பவள் அவள்.
ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன பிறகும்
கண் திறக்கப் பயப்படுபவள் அவள்.
அதற்குள் அவர் போயிருந்தால்?

போன ஜூனில் ஒபேத்தை எல்கேஜியில் சேர்த்தோம், அஸ்தம்பட்டியில்.
"பொம்மையக் காட்டுங்க, பார்க்காதப்ப நழுவிடுங்க,
அழுகை மிச்சம்" என்றார் ஆயா.
நழுவினேன்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.
ஸ்கூட்டரில் சாவி போட்ட கையைப் பார்த்தேன்.
அப்பாவின் கை.

அந்த ஞாயிறு போதகர் தோமாவைப் பற்றிப் பேசினார்.
சந்தேகம், விசுவாசம், வருஷா வருஷம் கேட்டதுதான்.
ஃபேன் சத்தத்துக்கு நடுவே எனக்குக் கேட்டது வேறு:
முதல் தடவை அங்கே இல்லாமல் போன
ஒரே ஒருவனுக்காக
எட்டு நாள் கழித்துத் திரும்ப வந்திருக்கிறார்.
காயத்தை மூடிக்கொண்டும் வரவில்லை.

கோயில் முடிந்ததும் நேராகச் சூரமங்கலம் போனேன்.
அப்பா கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அந்த பிஸ்கட் என்ன ஆச்சுப்பா?"
முப்பத்தோரு வருடம் கழித்து வாயில் வந்தது
இந்த ஒரு கேள்விதான்.

எந்த பிஸ்கட் என்று அவர் கேட்கவில்லை.

"வாங்கினேன்மா. ரெண்டு பாக்கெட்.
கேட் வரைக்கும் வந்தேன். நீ நின்னுட்டு இருந்த.
கிட்ட வந்தா விட்டுட்டுப் போக முடியாதுன்னு..."
பஸ்ஸில் எந்த வளைவில் அழுதார் என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
"பொய் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்,
கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்து.

எனக்கு அது போதவில்லை.
போதவில்லை என்று சொன்னேன்.
எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.
உட்கார்ந்தே இருந்தார்.
டீ ஆறியது, ஆட்டம் முடிந்தது, விளக்குப் போடும் நேரமும் ஆனது.
அப்போதும் உட்கார்ந்திருந்தார்.

கேட்டில் நின்றவள் இரண்டடி நகர்ந்தாள்.
இரண்டடிதான்.

மறுநாள் ஒபேத்தின் உயரத்துக்குக் குனிந்தேன்.
"அம்மா போறேன். பெல் அடிச்சதும் வருவேன்."
துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கக் கத்தினான்.
அவன் பார்க்கத்தான் போனேன்.
பெல்லுக்கு முன்பே வந்து நின்றேன்,
அன்றும், மறுநாளும், ஜுரத்தில் நடுங்கிய அந்த வியாழனும்.

நேற்று ஐந்து ரோட்டில் டிராஃபிக்.
பன்னிரண்டு நிமிடம்.
ஆண்டவரே ஆண்டவரே என்று
ஸ்டாண்ட் போட மறந்து ஓடினேன்.

படியில் உட்கார்ந்து
ஒரு எறும்புக்கு வழி மறித்துக்கொண்டிருந்தான்.
நிமிர்ந்து, முகத்தைச் சுளித்து,
"லேட்டு" என்றான்.

பயமே இல்லை அதில். வெறும் கோபம்.
வருவேன் என்று தெரிந்தவனுக்கே வரும் கோபம்.

பையை என் தோளில் மாட்டிவிட்டு
எறும்பிடம் திரும்பினான்.