கோல் எதுவுமின்றி

பதினொரு கழகம்.
பாசையூரில் தொடங்கி நாவாந்துறை, இளவாலை,
ஒரு வருசம் மன்னார், ஐஸ் பெட்டிகளுக்கு மேல் குந்தியிருந்து பயணம்.
ஊர்காவற்றுறையில் காசுக்குப் பதில் கணவாய் தந்தார்கள்.
கரவெட்டியில் ஓர் இறுதி ஆட்டம் மட்டும்,
துஷ்யந்தன் என்ற பெயரில்.
துஷ்யந்தனுக்கு மஞ்சள் அட்டை.
அவன் அப்போது கட்டாரில்
கொங்கிறீற் குழைத்துக்கொண்டிருந்தான்.

எமிலியன் றொக்சன், பின்வரிசை.
வயது முப்பத்தெட்டு,
பதிவுப் படிவத்தில் முப்பத்துநாலு,
வலது முழங்காலுக்கு அறுபது இருக்கும்.

செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையில்
அடித்தவன் பெயர் வரும், அடித்த நிமிடம் வரும்,
கேடயம் கொடுத்தவரின் பட்டங்கள் மூன்றும் வரும்.
நான் நன்றாய் ஆடிய நாட்களில்
இப்படி இருக்கும்:
இரு அணிகளும் கோல் எதுவும் பெறாததால்
ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

அந்த 'எதுவும்' என்னுடையது.
அதை வெட்டி எடுத்து
பைபிளுக்குள் வைப்பேன், யோபு ஆகமத்துக்கும் சங்கீதத்துக்கும் நடுவில்.
"உங்கட பேர் இல்லாத பேப்பரை
ஏனப்பா வெட்டி வைக்கிறியள்?"
மெற்றில்டா கேட்பாள்.
கத்தரிக்கோலை மட்டும் திருப்பிக் கொடுப்பேன்.

போன ஞாயிறு, பாசையூரில், பாசையூருக்கு எதிராக.
பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன்,
காதில் கடுக்கன், காலில் எஞ்சின்.
மூன்று தரம் என்னைக் கடந்தான்.
மதிலில் இருந்த ஒருத்தன்,
"கிழடு, ஐஸ் கொம்பனிக்குப் போ!"
(இரவு வேலை அங்கேதான். அவனுக்கு எப்படித் தெரியும்?)

எண்பத்தாறாவது நிமிடம்
கோலி விழுந்து கிடக்க
கோட்டில் நான் மட்டும்.
பந்து தாடையில் பட்டது.
அதை நான் தலையால் அடித்ததாகச் சொல்ல முடியாது,
பந்துதான் என்னை அடித்தது.
வாய் முழுக்க மணல், கொஞ்சம் இரத்தம்,
பந்து மதிலுக்கு அப்பால்.
மதிலில் இருந்தவன் கத்தவில்லை.
இருபது வருசத்தில் எனக்குக் கிடைத்த
நீளமான கைதட்டு அது.

வானுக்குப் பின்னால் செயலாளர்
ஆயிரத்து ஐந்நூறை இரண்டு தரம் எண்ணினார்.
"அடுத்த வருசம் பெடியளைப் பாக்கிறம், அண்ணை.
குறை நினைக்காதேங்கோ."
விலகல் கடிதத்தில் முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது.
பெறும் கழகம் என்ற இடம் வெறுமை.
கொத்துரொட்டிப் பார்சல் இன்னும் சூடு.

பண்ணைப் பாலம் தாண்டும்போது போன் அடித்தது.
வட்டுக்கோட்டையாம்.
"இடது பக்கம் ஒராள் குறையுது.
நீங்கள் இடதுகாலோ?"

பிறந்த நாள் தொட்டு நான் வலதுகாலன்.

"ஓம்" என்றேன்.
"சப்பாத்து நான் கொண்டு வரவோ,
அங்க இருக்குதோ?"