ஐந்தாவது பெயர்

மழைக்குத்தான் ஒதுங்கினோம்.
கொட்டாஞ்சேனை, ஆமர் வீதிக்குப் பின்னால்
பூட்டாத வீடு.

சப்ராஸின் ஹெல்மெட்டிலிருந்து தண்ணி சொட்டியது.
அனோமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்
யாரோ சொன்னதுபோல.
பறங்கிக்காரர் மெர்வின் கதவைத் திரும்பிப் பார்த்தார்.
சுவர்.

மேசையில் பொலிஸ் படிவம்:
வீட்டில் தங்கியிருப்போர் விபரம்.
எங்கள் பெயர்கள்,
அடையாள அட்டை இலக்கங்கள்,
பழுத்துப்போன மை.
திகதி ஏதோ ஒரு யூலை,
சப்ராஸ் பிறக்கவேயில்லை அப்போது.

நாங்கள் நாலு பேர்.
படிவத்தில் ஐந்து.
ஐந்தாவதை வாசிக்க
மெர்வின் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டேயிருந்தார்.

மேல்மாடியில் யாரோ
இடாப்புக் கூப்பிடத் தொடங்கினார்கள்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஐந்தாவதுக்கு மட்டும்
என் பிடரிக்குப் பின்னால்,
ஈரமாக,
"ஓம்."