ஆறு எண்கள்

மணி நாலு பத்து.
பேர்ணாம்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
என் கடையில் கம்ப்யூட்டர் இரண்டு.
ஒன்று மே மாத வெயிலில் தானாக அணைய ஆரம்பித்தது,
இன்னும் நிறுத்தவில்லை.
மற்றதன் முன்னால் யுவராணி.

அஞ்சு மணிக்குள் கல்லூரி வரிசையைப் பூட்டியாக வேண்டும்.
பூட்ட ஆறு எண்கள் வரும்.
"நைனா ஃபோனுக்கு வரும்க்கா.
ஃபோனு ஷூ கம்பெனி கேட்டுல கீது.
உள்ள எடுத்துனு போவ வுடமாட்டாங்க."
ஷிப்டு முடிய ஆறு மணி.

வரிசையைப் பார்த்தேன்.
நாலே நாலு.
"இவ்ளோதானா?"
"இந்த நாலு காலேஜ் பஸ்ஸும் எங்க தெருவு வழியா போவும்க்கா."

மஞ்சள் பஸ்ஸின் விலாவில் எழுதியிருந்ததை வைத்து
தன் நாலு வருடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

நேற்று இதே நாற்காலியில் ஒரு பையன்,
வீட்டு பிரிண்டரில் மை தீர்ந்ததென்று பென் டிரைவோடு வந்தான்.
நூற்று நாற்பத்தாறு கல்லூரிகள், பதினோரு பக்கம்,
சத்துவாச்சாரியில் காசு கொடுத்து வாங்கிய வரிசை,
பச்சை மஞ்சள் சிவப்பாகப் பிரித்தது.
போகும்போது தேங்க்ஸ்க்கா என்றான். நல்ல பையன்.
கட் ஆஃப் அவனைவிட இவளுக்கு ஒன்றரை அதிகம்.
இதை நான் யாரிடம் சொல்ல.

சான்றிதழ் தேடிப் பையைக் கவிழ்த்தாள்.
வருமானம், சாதி, முதல் பட்டதாரி,
நடுவில் ஒரு பிசிக்ஸ் ரெக்கார்டு.
திருகு அளவியின் படம் நிழலெல்லாம் போட்டு
அவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாள்.
"கையில தொட்டிருக்கியா?"
"ப்ராக்டிகல் அன்னைக்குக்கா.
நவம்பர்லயே சாருக்கு டிரான்ஸ்ஃபர்.
லேப் சாவி அவருகூடவே போயிடுச்சி."

கம்பியின் விட்டம் 4.8 மில்லிமீட்டர்.

எனக்குத் தெரியும் இந்த எண்ணை.
அதே பள்ளி, என் ரெக்கார்டிலும் இதுதான்.
எனக்கு முன்னால் யாரோ, அவளுக்கு முன்னால் யாரோ.
வேலூரில் முதல் வருட லேபில் நான் இதை எழுதியபோது
பக்கத்து மேசைப் பெண் சொன்னாள்,
இது கம்பி இல்லப்பா, குடைக்கம்பி.
எல்லோரும் சிரித்தார்கள்.
மூன்றாம் செமஸ்டர் வரைக்கும் போனேன்.

நாலு இருபத்தைந்து.
வருமானச் சான்றுக்கு வைத்த சம்பளச் சீட்டில்
கம்பெனியின் லேண்ட்லைன் நம்பர் இருந்தது.
அடித்தேன். செக்யூரிட்டி எடுத்தார்.
ஏகாம்பரம், ஸ்டிச்சிங் செக்‌ஷன், பட்டன் ஃபோன்,
ரப்பர் பேண்டு சுத்தியிருக்கும், என்று
யுவராணி என் தோளுக்கு மேலிருந்து கத்தினாள்.
"ரெண்டு நூறு ஃபோன் கீதும்மா டிராயர்ல.
தேடி வெக்கிறேன். அப்பால பண்ணு."

அந்த இடைவெளியில் சேர்த்தோம்.
இது எங்கக்கா கீது? ஈரோடு.
இது? கோயமுத்தூரைத் தாண்டி.
ஹாஸ்டலுக்கு எவ்ளோ ஆவும்?
தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு தொகை சொன்னேன்.
ஒரு கல்லூரியை அவள் சேர்த்தாள், எடுத்தாள்,
மறுபடி சேர்த்தாள், பெயர் பிடித்திருக்கிறதென்று.
பத்தொன்பதில் நின்றது.
நாலு நாற்பத்தாறு.

மறுபடி அடித்தேன்.
"கண்ணாடி எட்தாரலம்மா. இரு.
மூணு. பூஜ்யம். ஒம்போது. ஒம்போது.
இது எட்டா, ஆறா தெர்ல. அப்பால ஒண்ணு."

எட்டு என்று அடித்தாள்.
தவறு என்றது திரை.
ஆறு.
பச்சையாக ஒரு டிக் வந்தது.
யுவராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
வேறு ஏதாவது வருமா என்பதுபோல.

பலகையில் ஐம்பது ரூபாய் என்று எழுதியிருக்கிறேன்.
கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.
கரண்ட் பில் கட்டவில்லை.

"ரெக்கார்டு எடுத்துனு போவணுமாக்கா?"
வேண்டாம் என்றேன்.
என்றாலும் வாங்கி, அந்தப் பக்கத்தைப் புரட்டி,
பேனாவால் புள்ளியை அடித்து
நாலுக்கு முன்னால் வைத்தேன்.

ஏங்க்கா என்றாள்.
உட்காரச் சொன்னேன்.