எண்பது புள்ளி

கோவாக் கப்பலில் சீட்டுப் போடுகிறவள் நான்.
கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம்,
ராத்திரிக்குச் சூதாட்ட மேசை, பொய்க் காசு.
மத்தியானம் சும்மா இருந்தேன் என்று
வைரவன் வீட்டைச் சுற்றிக் காட்டினார்.
காவல்காரர்தான். தூணுக்குத் தூண்
வாங்கியவர் குரலில் விலை சொன்னார்.

"மோல்மேன்ல வட்டிக்கடை. நாலு மில்லு,
ஏழாயிரம் ஏக்கரு நஞ்சை,
எல்லாம் ஈட்டுல வந்தது."
"அப்புறம்?"
"குண்டு விழுந்துச்சு. நடந்தே வந்தாக."
அவ்வளவுதான் சரித்திரம்.

இரண்டாம் கட்டில் வரிசையாகப் பூட்டு.
"எத்தனை பேர் வீடு இது?"
"எண்பது புள்ளி."

சிரித்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.
ரம்மியில் எண்பது என்றால் ஃபுல்:
ஒரு சேர்க்கையும் அமையாத கை,
அப்படியே கவிழ்த்துவிட வேண்டியதுதான்.
இங்கே புள்ளி என்றால் குடும்பமாம்.
விற்பதென்றால் எண்பது கையெழுத்தாம்.
அதில் ஒருவர் எங்கே என்றே தெரியாதாம்.

இரவு, மாப்பிள்ளையின் சித்தப்பா
பொய்க் காசில் மூன்று லட்சம் தோற்றார்.
நிஜமாகவே வியர்த்திருந்தது.
"இன்னும் ஒரு ஆட்டம்" என்றார்.
காசு தீர்ந்துவிட்டது என்றேன்.

மடியைத் துழாவி
ஒரு சாண் நீளச் சாவியை
பச்சை விரிப்பில் வைத்தார்.
"எம் புள்ளி."

எல்லோரும் சிரித்தார்கள்.
கலைத்த சீட்டு
என் கையிலேயே இருந்தது.